விழாத சாம்பல்

ஆரணியில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கிருந்த பெரிய உத்தியோகம், முதலாளி தர்மம் செய்யும்போதெல்லாம் போட்டோ எடுப்பது. பள்ளிக்கு பெஞ்சு, கோயிலுக்கு மின்விசிறி, எல்லாவற்றிலும் அவர் பேர். ஆல்பமே மூன்று சேர்ந்துவிட்டது.

எங்கள் நெசவாளர் தெருவுக்கு ஆலைப் புகைபோக்கியிலிருந்து தினமும் வந்தது உமிச் சாம்பல்தான். காலையில் தறியில் ஏற்றும் நீள இழைகளை, அதாவது பட்டுப் பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்போம். ஈர இழையில் கரி விழுந்தால் அந்தப் பாவு அவ்வளவுதான். புகார் போனதும் முதலாளிக்கு மனம் இளகியது. தெரு முழுக்கத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டுக் கொடுத்தார், ஆலையின் பேரோடு. நானும் வெட்கமில்லாமல் போட்டோ எடுத்தேன்.

நாலாம் நாள் காற்றடித்தது. பந்தல் மேல் சேர்ந்திருந்த சாம்பல் மொத்தமும், என் கணவர் கல்யாணப் புடவைக்காக நீட்டியிருந்த சந்தன நிறப் பாவின் மேல் கொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்போது தபால் வழியில் நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றொரு பாடம், நான்கு படிகள். லாபம் சம்பாதி, சட்டத்துக்கு அடங்கு, சட்டம் கேட்காவிட்டாலும் நியாயமாக நட, அதற்கும் மேலேதான் தர்மம். அதை ஒரு தாளில் வரைந்துகொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்று தெரிந்துதான் போனேன்.

"முதலாளி, நீங்க மொத படியிலேர்ந்து நாலாவதுக்குத் தாவிட்டீங்க. நடுவுல ரெண்டு படி காலியா கெடக்குதுங்க."

"பேஜார் பண்ணாதம்மா. பந்தல் குடுத்தது ஒரு குத்தமா?"

"பந்தல் வேணாங்க, சாம்பல நிறுத்துங்க. தெருவே அதத்தான் கேட்டுகினு இருக்குது."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார். பதினோராம் நாள் புகைபோக்கியைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். சாம்பலைத் தண்ணீரில் அடக்கும் தொட்டி ஒன்று எழுந்தது.

தொட்டி ஓடத் தொடங்கிய மறுநாள், பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திறந்த வானத்தின் கீழ் புதிய சந்தன நிறப் பாவு நீட்டினோம். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். என் கணவர் பாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். கஞ்சி காயும்வரை தெருவே அண்ணாந்து பார்த்தது. பாவு சந்தனமாகவே இருந்தது. பெண்கள் கைதட்டினார்கள், எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஏம்மா, இத போட்டோ எடுக்கலியா?" என்றார் முதலாளி.

"எத எடுக்கறதுங்க? ஒண்ணுமே விழலியே!"