அந்த விதவை யார் என்று கேட்டார்கள்

நான் ஐஸ்லாந்து நாவல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தேன். சுவிஸில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஒருவரும் அதை நம்பவில்லை. என் உழைப்புக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

அந்த நாவலின் டொச், அதாவது ஜெர்மன், மொழிபெயர்ப்பு நான் இருக்கும் பீல் நகரத்து நூலகத்தில் என் கையில் அகப்பட்டது. கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு மீனவன் இறந்துபோகிறான். செத்தவீட்டில் அவன் மனைவி அழவில்லை. அடுத்த ஞாயிறு சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறாள். படகைக் கேட்டு வந்த அவன் சகோதரர்களைத் திருப்பி அனுப்புகிறாள். ஊர் அவளைக் கிழி கிழியென்று கிழிக்கிறது. வாசித்து முடித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. பகலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்திவிட்டு, மாலையில் வந்து அந்தப் பெண்ணோடு இருந்தேன். சந்தோஷமான காலம்.

புத்தகம் அச்சாகி வந்தபிறகு, வெளியீட்டு விழாவுக்கு ஆள் சேர்க்கவென்று ஒரு அத்தியாயத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று மாலைக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. இது மொழிபெயர்ப்பே இல்லையாம். என் சித்தியின் கதையை எழுதிவிட்டு, பேச்சு வாங்காமல் தப்புவதற்கு ஒரு வெள்ளைக்காரியின் பெயரைப் போட்டிருக்கிறேனாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவரும் பீலில்தான் இருக்கிறார். சித்தப்பா செத்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு சிவப்புப் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்தார். சித்தப்பாவின் காரை அவருடைய அண்ணன் கேட்டபோது கொடுக்க மறுத்து, தானே அதை ஓட்டப் பழகினார். அதற்குப் பிறகு கலியாணவீடு, பிறந்தநாள் என்று ஒன்றுக்கும் அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. மேலங்கிக்குப் பொட்டு, படகுக்குக் கார். எங்கள் சனத்துக்கு எல்லாம் அச்சொட்டாகப் பொருந்திவிட்டது.

சித்தப்பாவின் அண்ணன் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பெரிய ஆள். தன் தம்பியை நாறடித்துவிட்டேன் என்றும், மேடையில் மன்னிப்புக் கேட்காவிட்டால் எங்கள் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள் என்றும் போனில் உறுமினார். மிதிக்காவிட்டால் படி சுத்தமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவரை எனக்குப் பயமில்லை. ஆனால் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிய பிறகும் சித்தி என் போனை எடுக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. எல்லாரும் ஒதுக்கிய நாட்களில் நான் ஒருத்திதான் அவர் வீட்டுக்குப் போய் வந்தவள். இப்போது நானும் அவரை விற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

நாவலாசிரியை அப்போது சுவிஸிலேயே, கூர் நகருக்குப் பக்கத்தில் எழுத்தாளர் விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். நான் எழுதிக் கேட்டதும் ரயிலேறிப் பீலுக்கே வந்துவிட்டார். கதையைக் கேட்டு, கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார். அவர் தன் ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவராம். கத்தரிக்கோல் சத்தத்தில் எல்லா வீட்டுக் கதையும் காதில் விழும். முதல் நாவல் வந்ததும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அது தங்களைப் பற்றியது என்று சண்டைக்கு வந்து, முடி வெட்ட வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடையை மூடவேண்டி வந்தது. அப்படித்தான் தான் முழுநேர எழுத்தாளரானதாகச் சொன்னார். ஊரை விட்டுப் போகவில்லையா என்று கேட்டேன். பால் வாங்குவதற்கு வேண்டுமென்றே கூட்டமான நேரத்தில் போனாராம். அடுத்த நாவலையும் அந்த ஊரில் இருந்தே எழுதினாராம். பரிசுகள் வந்தபிறகு, தன் அம்மாவை ஏன் நாவலில் போடவில்லை என்று கேட்டு ஒருத்தி கோபித்துக்கொண்டாளாம். எனக்கு அந்த மனுஷியைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது. விழாவுக்கு வாருங்கள், நீங்கள் இருக்கிறீர்கள் என்று காட்டினால் போதும் என்றேன்.

விழா ஆரா நகரில் நடந்தது. விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, பொன்னாடை போர்த்தினார்கள். மதிப்புரை சொல்ல வந்தவர் புத்தகத்தின் அட்டையைத் தாண்டியிருக்கவில்லை. ஐஸ்லாந்தின் எரிமலைகளைப் பற்றியே நெடுநேரம் முழங்கினார். நாவலாசிரியை பொன்னாடையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு பொறுமையாக இருந்தார். அவரை நேரில் பார்த்தும் எங்கள் ஆட்கள் அசையவில்லை. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரையோ சேலை கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறேன் என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் சித்தப்பாவின் அண்ணன் எழுந்தார். அந்த விதவை யார் என்று இந்தச் சபையில் சத்தியமாகச் சொல்லவேண்டும் என்றார். நான் அந்தக் கேள்வியை மைக்கில் டொச்சில் சொல்ல, நாவலாசிரியை தன் ஊர்ப் பெண் என்று பதில் சொன்னார். பொய், என்றார் சித்தப்பாவின் அண்ணன்.

அப்போதுதான் கதவோரத்தில் சித்தி நிற்பதைக் கண்டேன். வருவார் என்று நான் நினைக்கவேயில்லை.

"அந்த மனுசியை விடுங்கோ அண்ணை," என்றார் சித்தி. "நான் முழுக்க வாசிச்சனான். அவ எழுதின கதைதான், என்னை அவவுக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு அது நான் எண்டு பட்டிருக்கெல்லோ? அப்ப நான்தான். இப்ப என்ன?"

சித்தி நடந்து முன்னுக்கு வந்தார்.

"செத்தவீட்டிலை நான் ஏன் அழேல்லை எண்டுதானே இவ்வளவு காலமும் கதைக்கிறியள். உங்கட தம்பி உயிரோடை இருக்கேக்கை நான் அழுத சத்தம் சுவரைத் தாண்டி உங்களுக்குக் கேட்டது. நீங்கள் பக்கத்து வீட்டிலைதானே இருந்தனீங்கள். ஒருநாள்கூடக் கதவைத் தட்டேல்லை. அப்ப கேக்காத ஆளுக்கு இப்ப என்ன கேள்வி?"

நாவலாசிரியை என் கையைத் தொட்டு, அந்தப் பெண் என்ன சொன்னார் என்று கேட்டார். மெதுவாகக் காதில் சொல்லும்படி விழாத் தலைவர் எனக்குச் சைகை காட்டினார். நான் மைக்கை இன்னும் கிட்ட இழுத்தேன். சித்தி சொன்னதை ஒரு சொல் விடாமல் டொச்சில் சொன்னேன். இங்கேயே பிறந்து டொச்சில் வளர்ந்து, தமிழ் அரைகுறையாக விளங்கும் எங்கள் பிள்ளைகள் அன்றுதான் அதை முழுதாகக் கேட்டார்கள்.