என் இலையைத் தாண்டிய பாயசம்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிரோடு வீடு திரும்புகிறவன் நன்றியோடு திரும்ப வேண்டும். நான் மனைவிமேல் கோபத்தோடு திரும்பினேன். காரணம் ஒரு விருந்து.

நிமோனியா முற்றி, வாயில் குழாயோடு நான் அங்கே கிடந்தபோது, கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்து இலை போட்டார்கள். பதினெட்டு இலை. வாழ்நாள் முழுக்கக் கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தவன், எண்ணாமல் விடுவேனா? மலையாள விருந்து முறையில் எரிசேரி வந்தது, காளன் வந்தது, ஓலன் வந்தது. கடைசியில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு என் மனைவி பாலடைப் பாயசத்தோடு வந்தாள். பதினேழு இலைக்கும் விட்டாள். என் இலையைத் தாண்டிப் போனாள். கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இது நோயில் கண்ட தோற்றம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணிப் பார்த்த ஒன்று எப்படிப் பொய்யாகும்?

திருவனந்தபுரத்தில் கரமனை வீட்டுக்கு வந்த பிறகு அவள் கையால் எதைப் போட்டாலும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

“ஏன்னா, ரசமாவது ரெண்டு கரண்டி விட்டுக்கப்படாதோ?”

“போறும்.”

“வாய்க்குப் பிடிக்கலையா?”

“போறும்னேனே!”

காரணத்தைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பாயசத்துக்காக அழுகிற கிழவன் என்று யார் பெயர் எடுப்பது? எடை இறங்கிக்கொண்டே போயிற்று. இப்படியே போனால் மறுபடியும் சேர்க்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே அவள் இரண்டு புடவை, ஒரு துண்டு, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். டெலிபோன் மணி அடித்தால் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே போட்டாள். நான் விழுங்கும் ஒவ்வொரு வாயையும் எண்ண ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் எண்ணுவதற்கு ஒருத்தர் போதும். இரண்டு பேர் எண்ணினால் தாங்காது.

பரிசோதனைக்குப் போன நாளில்தான் விஷயம் உடைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பதினெட்டு இலையும் கண் முன்னால் வந்தன.

“எல்லார் இலைக்கும் விளம்பினியே, என் இலை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்று கத்திவிட்டேன்.

அவள் திகைத்துப் போனாள். “எந்த இலை?”

முழுவதையும் சொன்னேன். எரிசேரி, காளன், பச்சை அங்கி, பதினெட்டு இலை, கூப்பிட வராத சத்தம். சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

“இத்தனை நாளா இதுக்காகவா மொகத்தைத் தூக்கி வச்சுண்டிருந்தேள்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து விளம்பறேன், என்னிக்காவது உங்க இலையை விட்டிருக்கேனா? அந்தப் பச்சை அங்கியை மாட்டி உள்ள என்னை விடறதே அஞ்சு நிமிஷம். அதுல நான் பாலடை பண்ணினேனாக்கும்!”

பக்கத்தில் நின்று கேட்ட நர்ஸ், பாறசாலைக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அங்கே கிடந்த நாளெல்லாம் என்னைப் புரட்டிப் போட்டவள் அவள்தான்.

“சாமி உள்ள வந்து ஒருக்கா பாக்கட்டும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

உள்ளே நுழைந்ததும் கட்டில்களை எண்ணினேன். எட்டு. இன்னொரு முறை எண்ணினேன். எட்டேதான். நடுவில் இருந்த இடத்தில் நான்கு இலைகூடப் போட முடியாது.

“இப்ப வெளிய வந்துதே, அது கஞ்சி வண்டியாக்கும். மத்தவங்களுக்குக் குடுப்போம். சாமிக்கு வாயில குழாய் இருக்குல்லா? எப்பிடிக் குடுக்க? வண்டி தாண்டிப் போகும்போ சாமி பாத்துட்டே கெடக்கும். கண்ணு நெறஞ்சிரும். எனக்கே சங்கடமா இருக்கும்.”

“அப்போ எரிசேரி, காளன்?”

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. “அது நாங்கதான். அடுத்த கட்டில்காரரோட ஆத்துக்காரியும் நானும் கதவண்டை உக்காந்துண்டு வேற என்ன பேசறது? அழுதா ரெண்டு பேரும் சேந்து அழுதுடுவோம்னு பயம். அதனால சமையலே பேசினோம். நீங்க எழுந்து வந்ததும் என்னென்ன பண்ணணும்னு.”

கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்கிறது. இலை போட்டதும் எண்ணியதும் என் வேலை. பதினெட்டு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. என் வாழ்க்கையில் தப்பான கணக்கு அது ஒன்றுதான். மூன்று பேரும் அங்கேயே சிரித்தோம். ஒரு நோயாளி கண்ணைத் திறந்து முறைத்ததும் நர்ஸ் எங்களை வெளியே தள்ளினாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவைக் கிழக்கேகோட்டையில் நிறுத்தச் சொன்னேன்.

“எதுக்கு?”

“பாயசத்துக்குப் போடற அடை வாங்க. நீ பேசினதை எல்லாம் பண்ணிக் காட்டு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அடுத்த கட்டில்காரரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அவருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கூடத்தில் நான்கு இலை போட்டோம். என் மனைவி தன் இலையில் உட்காராமல் விளம்பிக்கொண்டிருந்தாள். எரிசேரி, காளன், ஓலன், எல்லாம் அதே வரிசையில் வந்தன.

“சார், அங்க என் கஞ்சியையே முறைச்சுப் பாத்துட்டுக் கெடந்திய. எனக்கு வயித்தால போயிருமோன்னு பயந்தே குடிச்சேன்” என்றார் வியாபாரி.

“உங்களுக்குப் போச்சா?”

“இல்ல சார். நல்லாச் செமிச்சுது.”

அப்போது அவள் பாயசப் பாத்திரத்தோடு வந்தாள். வியாபாரிக்கு விட்டாள். அவர் மனைவிக்கு விட்டாள். என் இலைக்கு முன்னால் வந்து, நிற்காமல், கூரையைப் பார்த்தபடி தாண்டிப் போனாள்.



“அடியே! இங்கே ஒருத்தன் உக்காந்திருக்கேன், தெரியலையா?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “என்ன மாமி, சாரைத் தாண்டிப் போறிய?” என்று வியாபாரியின் மனைவி பதறினாள்.

என் மனைவி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. “இப்போ சத்தம் வந்துடுத்தே!” என்று சொல்லி என் இலை நிறைய விட்டாள். நான்கு கரண்டி குடித்தேன் என்று நான் சொன்னேன். ஐந்து என்றாள் அவள். வியாபாரி ஐந்து என்று சாட்சி சொன்னார்.

அவர்கள் கிளம்பும்போது, வாசலில் இருந்த பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக் கழுவி, மீதிப் பாயசத்தை அதில் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு பையைத் திறந்து பார்த்தேன். புடவைகள் இரண்டும், துண்டும் இன்னும் உள்ளேயே இருந்தன. நானே எடுத்து அலமாரியில் வைத்தேன். மடிப்பு சரியில்லை என்று மறுநாள் நன்றாகத் திட்டு வாங்கினேன்.