வெந்நீரில் விழுந்த தோடு

என் பெட்டியில் ஒரு சின்னப் பல் பிரஷ் இருக்கிறது. பால் பல் முளைத்த குழந்தைக்கு வாங்குவார்களே, அந்த மாதிரி. நார் அவ்வளவு மெத்தென்று இருக்கும். கூடவே நாலாக மடித்த பழைய வேட்டித் துணி ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று. இந்த மூன்றையும் நான் ஜன்னலோரம் எடுத்து வைத்தால், செல்லூரிலிருந்து மதினியின் தோடு வந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. செல்லூரில் தறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவர் குரல் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் அதற்கு நேர்மாறு. வாய் திறந்தால் எனக்கே என் குரல் கேட்காது. கல்யாணமாகி வண்டியூருக்கு வந்து ஆறேழு வருஷம், அவரிடம் நான் பேசியதெல்லாம் "வாங்க மதினி", "சாப்பிடுங்க மதினி", "போயிட்டு வாங்க மதினி" இவ்வளவுதான். அவர் கேட்பார், அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அந்தத் தோடு அவருடைய கல்யாணத்தில் அவர் அம்மா, அதாவது என் மாமியார், தன் கையால் போட்டுவிட்டது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பெரிய சிவப்புக்கல், சுற்றி ஆறு சின்னக்கல், கீழே ஒரு முத்து. மாமியாரை நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னாலேயே போய்விட்டார். மதினியிடம் அம்மாவின் கை பட்ட பொருள் என்று மிஞ்சியிருந்தது அந்தத் தோடு ஒன்றுதான்.

என் தங்கச்சி கல்யாணம் பழங்காநத்தத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் கேட்கவே இல்லை, மதினியாகவே காதிலிருந்து கழற்றிக் கொடுத்தார். "மூத்தவ நீ, மூளிக் காதோட நிக்காத, போட்டுக்க" என்றார். அந்த மனசை நினைத்து நான் பூரித்துப்போனேன். ஆனால் மண்டபத்தில் பந்திக்குப் போகும் வழியில், நாலு பொம்பளைகள் நடுவில் அவர் சத்தமாகச் சொன்னார்: "எந்தோட்டப் போட்டதும்தான் எந்தம்பி பொண்டாட்டிக்கு மூஞ்சியே வந்திருக்கு, பாத்தீகளா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்குப் பந்தியில் என்ன வைத்தார்கள் என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

இரவல் வாங்கிய நகையைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நம் வேர்வை அடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது என்பார்கள். வெற்றிலையில் வைத்து, மேலே கிள்ளுப் பூ வைத்துக் கொடுப்போம். அதைத்தான் நானும் செய்யப் போனேன். ஆனால் மனசுக்குள் வேறொன்றும் இருந்தது. வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளவென்று திருப்பிக் கொடுத்து, அவர் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. வாயால் பேசத் தெரியாதவளுக்குக் கையால் பேசும் ஆசை.

என் சங்கிலியை நான் எப்போதும் பூந்திக்கொட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தேய்ப்பேன். வெறும் தங்கம், அதற்கு ஒன்றும் ஆகாது, புதுசு மாதிரி வரும். அதே தண்ணீரில், ஆவி பறக்கப் பறக்க, தோட்டையும் போட்டேன். போதாததற்கு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அடுப்பில் உலை பொங்கியது, அதைப் பார்த்துவிட்டு வந்து, கிண்ணத்துத் தண்ணீரைச் சாய்த்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். பிறகுதான் தோட்டைப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு குழி காலியாக இருந்தது. மிச்சக் கல்லெல்லாம் சிவப்புப் போய், ஊறிய புளியங்கொட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. முத்தின் மினுக்கமும் போய்விட்டது.

ஒரு கல் கிண்ணத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று செடிக்குப் போயிருந்தது. செடியின் அடியில் ஒரு முழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, மாவுச் சல்லடையில் சலித்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, மண்ணுல புட்டு அவிக்கப் போறியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது. "எங்கக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன் தாயி. நீயே சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு அவரும் கூட உட்கார்ந்து சலித்தார். கடைசிச் சல்லடையில், வேர் நுனியோடு சேர்ந்து, அந்தக் கல் கிடைத்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கல் கிடைத்துவிட்டது, ஆனால் தோடு தோடாக இல்லை. கெட்டுப்போனதுகூடப் பெரிதில்லை. மண்டபத்தில் அப்படிப் பேசினதற்குப் பழிவாங்க, அவர் அம்மா போட்டுவிட்டதை வேண்டுமென்றே நான் கெடுத்தேன் என்று மதினி நினைத்துவிட்டால்? அப்படி இல்லை என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் ஏது? நாலு நாள் செல்லூர்ப் பக்கம் போகவில்லை. போகாத ஒவ்வொரு நாளும் என் பயத்தை இரண்டு மடங்கு ஆக்கியது.

ஐந்தாம் நாள் மதியம் மதினியே வந்து நின்றார். கையில் ஒரு பந்து மல்லிகைப் பூ. வாசலிலேயே தெருவெல்லாம் கேட்கக் கூப்பிடுகிறவர், அன்று சத்தமில்லாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் கேட்பதற்கு முன்னால் நான் பேசினேன்.

"மதினி, தோட்டக் கெடுத்துட்டேன் மதினி. வெந்நியில போட்டுட்டேன். வேணும்னு செய்யல மதினி, சத்தியமா வேணும்னு செய்யல."

தோட்டை முடிந்து வைத்திருந்த துணியைப் பிரித்துக் காட்டினேன். மதினி தோட்டை எடுத்துப் பார்த்தார். விரலால் அந்தக் காலிக் குழிகளைத் தடவினார். அவர் கண் ஒரு நொடி கலங்கியது, நான் பார்த்தேன். பிறகு கேட்டார்:

"கல்லு அம்புட்டும் இருக்கா?"

"இருக்கு மதினி. பதினாலும் இருக்கு. எண்ணிட்டேன்."

"அப்பறம் எதுக்குத்தா இப்பிடி நடுங்குற? நான் என்ன ஒன்னயக் கடிச்சா தின்னுருவேன்?" என்று அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா ஆளக் காணோமே, மண்டபத்துல நான் பேசுனதுக்குக் கோவிச்சுக்கிட்டன்னுல நெனச்சேன். என் நாக்குல சனி. எனக்குச் சோறு எறங்கல தெரியுமா? நீ நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். நீதான் வாயே தொறக்க மாட்டியே!"

நான் அவருக்குப் பயந்து நாலு நாள். அவர் எனக்குப் பயந்து நாலு நாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தப் பூவை அவரே என் தலையில் வைத்துவிட்டார். ஊசி குத்துகிற மாதிரி அழுத்தித்தான் வைத்தார், அது அவர் கை வாகு.

அன்றைக்கே இருவருமாகச் செல்லூரில் அவருக்குப் பழக்கமான ஆசாரியிடம் போனோம். ஆசாரி தோட்டைத் திருப்பிப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லு நகைய வெந்நியில போட்டது யாரு?" என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார்: "நான்தாண்ணே."

அவ்வளவுதான், ஆசாரி பிடித்துக்கொண்டார். "எம்புட்டு வருசமா நகை போடுற தங்கச்சி, இது தெரியாதா? கல்லுக்குப் பின்னாடி மினுங்குற தாளு இருக்கு, தாளுக்குப் பின்னாடி அரக்கு இருக்கு. வெந்நி பட்டா அரக்கு எளகும். தண்ணி பூந்தா தாளு கறுக்கும். முத்துக்குச் சோடாவும் ஆகாது, பூந்திக்கொட்டையும் ஆகாது. ஒன் வேர்வையே ஆகாது. ஈரத்துணிய ஒட்டப் பிழிஞ்சு மேலாப்புல தொடச்சாப் போதும். ஆசாரி செஞ்சத அடுப்படியில வச்சு வேக வச்சிருக்கியே, இதென்ன அவரைக்கொட்டையா?"

செல்லூரில் யாருக்கும் அடங்காத என் மதினி, தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே, சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டேன். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "போதுமா? ஒனக்குச் சேர வேண்டிய திட்ட நான் வாங்கிட்டேன். மண்டபத்துல பேசுனதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு." பஸ் நிறுத்தம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

புதுத் தாள் வைத்து, கல்லைப் பதித்து, வேறு முத்துக் கோத்து ஆசாரி தோட்டை மீட்டுக் கொடுத்தார். மண்ணுக்குள் போய் வந்த அந்த ஒரு கல் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் மங்கல்தான். எது என்று எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரியும்.

இப்போது மதினிக்கு வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது. கடையில் மெஷினில் போட்டால் ஒரு நிமிஷத்தில் பளிச்சென்று வரும் என்று அவர் மருமகள் சொன்னாளாம். "எந்தம்பி பொண்டாட்டி தவிர ஒருத்தரும் அதத் தொடக் கூடாது. அவ ஒரு தடவ கெடுத்தவ, இனிமே கெடுக்க மாட்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரும் எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கொடுத்ததில்லை.

தட்டில் துணியை விரித்து அதன்மேல்தான் தோட்டை வைப்பேன், கை தவறினாலும் கல் துணியில்தான் விழும். குழாயடிக்குக் கொண்டுபோவதே இல்லை. முதலில் எண்ணுவேன், பதினாலு. காய்ந்த பிரஷ்ஷால் கல்லின் ஓரத்து அழுக்கை மெல்லத் தள்ளுவேன். துணியின் ஒரு முனையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, மேலாகத் துடைப்பேன். முத்தையும் அப்படித்தான், சோப்பு கிட்டேயே வராது. திருகாணியைத் தனியாகக் கழற்றி, அதை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைப்பேன். பிறகு நிழலில் ஒரு மணி நேரம் தோட்டை ஆறவிடுவேன். மறுபடி எண்ணுவேன்.

நேற்றும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எப்போது தோடு வந்தாலும் அன்றைக்கு மதினியின் போன் வந்துவிடும். குரல் இப்போது இளைத்துவிட்டது, ஆனாலும் ஸ்பீக்கர் போடத் தேவையில்லை.

"ஏத்தா, அடுப்புல வெந்நி வைக்கலயே?"

"வச்சிருக்கேன் மதினி. நீங்க வந்து எறங்குங்க, ஒங்களையும் சேத்து ஊறப் போடுறேன்."

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் உள்அறை வரைக்கும் கேட்டது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, பிரஷ்ஷை உதறிக் காயவைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பதினாலும் இருந்தது.