தயவுசெய்து ஒற்றைப்படையில் வாருங்கள்

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிற வாத்தியார்களை உட்காரவைத்து அவர்களுக்கே பாடம் நடத்துவதுதான் என் தொழில். இதைவிடப் பாவப்பட்ட பிழைப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அந்த ஆளைத் தேடிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

'கலை ஒருங்கிணைந்த கல்வி' என்று பேனரில் போட்டிருக்கும். கோலத்தை வைத்துக் கணக்கு, தாலாட்டை வைத்துத் தமிழ், பொம்மலாட்டத்தை வைத்து வரலாறு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் பதினோரு வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி ஒரே நாள்தான். ஆளுக்கொரு வீட்டுப் பொருளோடு வரவேண்டும். அந்தப் பொருளோடு சேர்ந்து அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கவேண்டும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ஒருவர் கதையை இன்னொருவர் கேட்டு, அதிலிருந்து ஒரு பாடம் தயாரிக்கவேண்டும். இந்தப் பக்கம் எல்லா ஜில்லாக்காரர்களும் எல்லா மதத்துக்காரர்களும் கலந்து இருப்பதால் கதைக்குப் பஞ்சமே கிடையாது.

என் பையிலும் ஒரு பொருள் இருக்கிறது. நாலு கோலாட்டக் கழிகள். என் வீட்டுக்காரர் தன் கையால் கடைந்து கொடுத்தவை. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எனக்கு ஒரே ஓர் ஆசை. வருகிறவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் அமையவேண்டும். ஜோடி கிடைக்காமல் ஒருவர் மிஞ்சவேண்டும். அவருக்கு ஜோடியாக நான் உட்கார்ந்து இந்தக் கழிகளின் கதையை ஒரு தடவையாவது சொல்லிவிடவேண்டும். பள்ளிக்கு இரண்டு பேர் என்று கணக்குப் பண்ணி அழைக்கிறார்களா, பாவிகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வந்து சேர்கிறார்கள். பயிற்சி என்ற பெயரில் எங்காவது மாட்டிக்கொண்டு ஒரு நாளைத் தொலைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேலே படியுங்கள். நீங்கள் நம்ம ஆள்.

கட்டையும் கையுமாக

மேனாம்பேட்டில் என் வீட்டு முனையில் ஷேர் ஆட்டோ ஏறினால் என் பை எனக்கு முன்னால் ஏறும். கலர் பேப்பர், பசை, சலங்கை, ஒரு சின்னத் தவில் என்று அடைத்துவைத்த பையில் ஜிப் மூடாமல் அந்த நாலு கழிகளும் அரை அடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார். "இன்னாக்கா, காலங்காத்தால கட்டையும் கையுமா கெளம்பிட்டீங்கோ?"

"டீச்சர்களுக்கு டிரெயினிங் தம்பி. அதுக்குத்தான் இதெல்லாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கழிகளைப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "அடிக்கிறதுக்கு டிரெயினிங் வேறயாக்கா? அதான் அவங்களுக்கே நல்லா வருமே! எங்க வாத்தியார் வச்ச தழும்பு முதுவுல இன்னும் கீது."

மாதிரி

என் கதையை நானே மேடையில் நின்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்தேன். கதையெல்லாம் சொல்லவில்லை, சும்மா மாதிரிக்காகக் கோலாட்டம் ஆடிக்காட்டி, அதில் இரண்டாம் வாய்ப்பாடு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று விளக்கினேன். அவ்வளவுதான். சாயந்தரம் பாடத்திட்டங்களை வாங்கிப் பார்த்தால் தலை சுற்றியது. அவரவர் கொண்டுவந்த தாம்பாளம், தொட்டில் சேலை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், முறம் எல்லாம் மேசைமேல் அனாதையாகக் கிடந்தன. பாடத்திட்டத்தில் மட்டும் இலை உணவு தயாரிப்பது கோலாட்டம், பானிபட் போர் கோலாட்டம், நிலநடுக்கோடுகூடக் கோலாட்டம்.

அன்றிலிருந்து கருத்தாளர், அதாவது பயிற்சி நடத்துகிறவர், தன் பொருளைக் காட்டக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஜோடியாக உட்கார்ந்தால் மட்டும் சொல்லலாம். "ஏங்க, உங்க வீட்டுப் பொருளைத்தானே கேட்டேன்?" என்று அன்றைக்கு ஒரு சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டபோது, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "மாதிரி குடுத்தா மாதிரியைத்தானே மேடம் எழுதணும்? சொந்தமா எழுதினா மார்க் போவாதா?"

காலையிலேயே பாராட்டு

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதரைக்கு நான் உள்ளே நுழைந்தபோது வருகைப் பதிவேட்டோடு சேர்த்து ஃபீட்பேக் ஃபாரங்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நேரம் போதவில்லை. கருத்தாளர் அருமையாக விளக்கினார்.' நான் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதைவிட அதிகமாக ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வராமலே இருந்திருந்தாலும் இந்தப் பாராட்டு அப்படியே வந்திருக்கும் இல்லையா? முகம் போன போக்கைப் பார்த்து முன்வரிசையில் இருந்த மூத்த டீச்சர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும். நீங்க எப்படியும் நல்லாத்தான் நடத்தப்போறீங்க, அதான் முன்னாடியே எழுதிட்டோம்."

சும்மா நிற்பவள்

செல்வி டீச்சர் திருநெல்வேலிக்காரர். கணவருக்குப் பேக்டரியில் வேலை, ஆவடியில் குவார்ட்டர்ஸ் வாசம். கோலப்பொடி டப்பாவோடு வந்திருந்தார். மெஹருன்னிசா டீச்சர் பூந்தமல்லிக்காரர், வீட்டில் உருது. ரம்ஜானுக்கு முந்தின நாள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் மருதாணி வைத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். மருதாணிக் கோனோடு வந்திருந்தார். கோலக்காரருக்குப் புள்ளி வைக்காமல் கை நகராது. மருதாணிக்காரருக்குப் புள்ளி வைத்தால் கை நின்றுவிடும். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து வரைந்து, சிரித்து, அழித்து, கடைசியில் ஆறாம் வகுப்புக் கணக்கில் வரும் சமச்சீர்த் தன்மைக்கு ஒரு பிரமாதமான பாடம் தயாரித்தார்கள். எனக்குச் சந்தோஷம். பொறாமையும்தான், மறைப்பானேன்.

மதியம் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டார்கள். கருத்தாளருக்கு மரியாதை செய்யவேண்டும் என்று என்னை மட்டும் ஹெச்.எம். அறைக்குக் கூட்டிப்போய், மேசையைத் துடைத்து, இலை போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். மரியாதை கொடுத்தே ஒரு மனுஷியை ஒதுக்கிவைக்க முடியும் என்பதை இந்தத் தொழிலில்தான் கற்றுக்கொண்டேன். சாப்பிட்டு வெளியே வந்தபோது இரண்டு பேரும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு செல்லை என் பக்கம் நீட்டினார்கள். நானும் பக்கத்தில் நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். செல்வி டீச்சர் சொன்னார்: "மேடம், எங்கள ஒரு படம் எடுத்துத் தாங்களேன். நீங்க சும்மாதான நிக்கீங்க?"

இருபத்தேழு

ஒருநாள் பூந்தமல்லியில் எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. நம்பமுடியாமல் மறுபடி எண்ணினேன். இருபத்தேழேதான். வழக்கமாக மிஞ்சுகிறவர், 'மூணு பேரா உக்காந்துக்கறோம் மேடம்' என்று பக்கத்து ஜோடியில் போய் ஒட்டிக்கொள்வார். அன்று அதற்கும் வழியில்லை. மிஞ்சிய சயின்ஸ் டீச்சர் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. யாரையும் தெரியாமல் மூலையில் நின்றார். நான் பையிலிருந்து கழிகளை எடுத்துவிட்டேன். நடந்துபோகும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

'நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அங்கே உள்ள பிள்ளைகளுக்கு நவராத்திரிக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுப்பேன் டீச்சர். அதற்கு வீட்டில் நான் பழகவேண்டும். கோலாட்டத்துக்கு எதிரே ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், தன் கழியைத் தானே தட்டிக்கொண்டால் அது வெறும் சத்தம். என் வீட்டுக்காரருக்கு ஆட்டம் சுட்டுப்போட்டாலும் வராது. டூட்டி முடிந்து வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஹால் நடுவில் இரண்டு கழிகளையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நிற்பார். அசையமாட்டார். நான் அவரைச் சுற்றிச்சுற்றி வந்து தட்டுவேன். வருஷாவருஷம் ஒன்பது நாளும் எங்கள் வீட்டு வழக்கம் அதுதான்.'

மூலைக்குப் போய்ச் சேர இன்னும் நாலு தப்படி. கதவு திறந்தது. சயின்ஸ் டீச்சரின் பள்ளியிலிருந்தே வரவேண்டிய இன்னொருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். "குமணன்சாவடியில ஒரே டிராபிக் மேடம், பஸ் நகரவே இல்ல, இறங்கி ஓடியே வந்தேன். நல்லவேளை, வந்துட்டேன். இல்லாட்டி பாவம் ஒருத்தங்க தனியா நின்னிருப்பாங்க!"

படி

ஏகாம்பரம் சார் கணக்கு வாத்தியார். அடுத்த வருஷம் ஓய்வு. ஆவடியை ஒட்டிய பழைய கிராமத்தில் பரம்பரையாக விவசாயக் குடும்பம். பயிற்சி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண் திறந்தபடியே தூங்குகிற ரகம். அவர் கொண்டுவந்தது ஓர் இரும்புப் படி. "நெல்லு போயி பிளாட்டு வந்துடுச்சு. இப்ப ரேஷன் அரிசிதான் அளக்குறோம்" என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்.

அளந்து காட்டச் சொன்னேன். மேசைமேல் மணலைக் கொட்டி, முதல் படியை நிறைத்துக் கவிழ்த்து, "லாபம்" என்றார். அடுத்தது "ரெண்டு". அதற்கடுத்தது "மூணு". வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்த வழக்கம்தான். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் எண்ணுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஏன் அப்படி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று வழக்கம்போலக் கேள்வி போட்டேன். அவர் படியைத் தட்டிக்கொண்டே யோசித்துச் சொன்னார்: "ஒண்ணுன்னா ஒண்டியா பூடும் மேடம். லாபம்னு வச்சா, பின்னாலயே ரெண்டு வந்துடும்னு ஒரு நம்பிக்கைதான்."

மிச்சம்

அன்றைக்கும் இரட்டைப்படைதான். ஏகாம்பரம் சாருக்கு ஜோடி அவர் பள்ளியின் ஸ்டெல்லா டீச்சர். டீ முடிந்து ஜோடிகள் உட்காருகிற நேரத்தில் ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் வந்தது. பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள். அவர் கிளம்பிவிட்டார். இனி வருவதற்கு ஆள் கிடையாது. ஆனால் நான் கழிகளைத் தொடவில்லை, சூடு கண்ட பூனை. நினைத்த மாதிரியே முன் ஜோடி கூப்பிட்டது. "சார், இங்க வாங்க, மூணு பேரா இருந்துக்கலாம்."

அவர் எழுந்தார். இரண்டு அடி நடந்தார். கரும்பலகை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "வாணாம்பா, மேடம் ஒண்டியா நிக்கிறாங்க பாரு" என்று அவர்களிடம் சொல்லி, நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "உங்க ஊட்டுப் பொருள் இன்னா மேடம்?"

நாலு வருஷ ஒத்திகை. ஒரு வார்த்தை வரவில்லை.  கழிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "கடைசல் சுத்தமா கீது. யாரு செஞ்சது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்." "இப்ப?" நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.  அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கழிகளைத் தான் வைத்துக்கொண்டு இரண்டை என்னிடம் கொடுத்தார். மிச்சமிருந்த இருபத்தாறு வாத்தியார்களும் திரும்பிப் பார்க்க, வகுப்பு நடுவில் போய் நின்று கைகளை முன்னால் நீட்டினார். "எனக்கு ஆட்டம்லாம் வராது மேடம். நான் நீட்டிக்கினு நிக்கிறேன், நீங்க தட்டுங்க."

அன்று சாயந்தரம் மேசையில் மிச்சமிருந்த ஃபாரம் ஒன்றை எடுத்து, இந்தப் பதினோரு வருஷத் தொழிலில் முதல் தடவையாக நானும் 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது, நேரம் போதவில்லை' என்று எழுதி, அதுவும் பயிற்சி முடிந்த பிறகே எழுதி, கட்டோடு கட்டாகச் சேர்த்துவிட்டேன்.