தம்பி பெயரில் என் சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். மஞ்சள் தாள். நடுவில் என் தம்பி சாமுவேலின் பெயர், கொட்டை எழுத்தில். 'தமிழ் மண்ணுக்காகத் தானே முன்வந்து கைதான இளம் வீரர்' என்று போட்டிருந்தது.

அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தேன். பிறகு நான்காக மடித்து... கிழித்துப் போட்டேன்.

"நர்ஸம்மைக்கு என்னவோ ஆயிப்போச்சு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

ஒன்றும் ஆகவில்லை அம்மா. கோபம். அவ்வளவுதான். 'தானே முன்வந்து' என்கிற அந்த இரண்டு சொல் இருக்கிறதே — சுத்தப் பொய். அவனை ஸ்டேஷனுக்கு அனுப்பியது நான். எதற்கு? என் சைக்கிளை மீட்பதற்கு!

பாறசாலைப் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்ஸ் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கள்ளிக்காடு வரை நடந்து போய் செருப்பு அறுந்த கதையை இதே பக்கத்தில் எழுதியபோது, "ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்ளுங்களேன் சிஸ்டர்" என்று உங்களில் சிலர் கடிதம் போட்டீர்கள். மூன்று வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு மாதத்துக்கு முன்னால் வாங்கியே விட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கடை. பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று சாமுவேலையும் கூட்டிப் போனேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"சாருக்கு எந்த மாடல் வேணும்?" என்றார் கடைக்காரர், அவனைப் பார்த்து.

"எனக்கில்ல. அக்காளுக்காக்கும்."

"ஓ! அப்ப நல்ல கலரா ஒண்ணு காட்டுறேன், சார்."

கலரா? நான் போவது மலையோரத்துச் செம்மண் ரோடு. மழைக்காலத்தில் பாதி ரோடு ஓடையாகிவிடும். பிரேக் எப்படி, பின்னால் எவ்வளவு பாரம் தாங்கும், ரிம் துருப்பிடிக்குமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேள்வி என்னுடையது, பதில் முழுக்கத் தம்பிக்கு! விலாசம் மாறிய தபால் போல எல்லாம் அவனிடமே போய்ச் சேர்ந்தது. அவனும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

கடைசியில் ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று செய்த ஒரு இங்கிலீஷ் லேடீஸ் சைக்கிள் கிடைத்தது. கரும்பச்சை. நான் ரூபாயை எடுத்து வைத்தேன். கடைக்காரர் பில் எழுதினார். அவசரத்தில் அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். படித்துப் பார்க்கவில்லை. இது இரண்டாவது தப்பு.

சைக்கிள் முழுசாக வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல், எண்ணெய்க் காகிதம், துண்டு துண்டாகச் சாமான்கள். பஸ் மேலே ஏற்றிப் பாறசாலைக்குக் கொண்டுவந்து, சைக்கிள் கடை தங்கையன் அண்ணனிடம் இறக்கினேன்.

அவரும் முதலில் அதையேதான் கேட்டார். "தம்பிக்க காலளவுக்கு சீட்டு வச்சா போதுமா?"

"அண்ணா! ஓட்டப்போறது நானாக்கும்!"

நான் போட்ட சத்தத்தில் ஸ்பேனர் கீழே விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. என்னை உட்காரச் சொன்னார். குதிகால் பெடலில் படுகிறதா என்று பார்த்தார். சீட்டை இறக்கினார், மறுபடி கொஞ்சம் ஏற்றினார். ஒவ்வொரு ஸ்போக்காக முறுக்கி வீலின் கோட்டத்தை எடுத்தார். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டினார். "பை எவ்வளவு கனம் வரும்? உள்ள கண்ணாடிச் சாமான் உண்டா?" என்று கேட்டு, கேரியருக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டு, பையை இறுக்க வார் தைத்துக் கொடுத்தார். அந்தச் சைக்கிள் விஷயத்தில் என்னிடம் கேட்க வேண்டியதை என்னிடமே கேட்ட ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

ஓட்டத் தொடங்கினேன். ஊர் பேசியது. "பெண்பிள்ளைக்கு இது லட்சணமா?" என்று சபையின் பெரியவர் ஒருவர் வழிமறித்துக் கேட்டார். "உங்க மகளுக்கு வலி வந்தப்ப நான் நடந்து வந்து சேருறதுக்குள்ள வாசல்ல நின்னு அழுதீங்களே, அது லட்சணமா?" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று நடக்கிற கிளர்ச்சியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. தாலுகா கச்சேரியில் என் மொழியில் மனு எழுதிக் கொடுக்க எனக்கும் ஆசை உண்டு. சாமுவேல் அதில் முழுநேரமாகவே இறங்கிவிட்டான். அன்று அவர்களுடைய ஜாதா, ஊர்வலம். பஸ் ஓடாது.

நான் காலை ஆராதனைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் என் தம்பி வீட்டுக்கு வந்து, கேரியரில் இருந்த என் பையைத் திறந்து, கத்தரிக்கோல், நூல், மருந்துக்குப்பி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு, பை நிறைய நோட்டீசை அடைத்துக்கொண்டு சைக்கிளோடு போய்விட்டான். ஏன் என் சைக்கிள்? 'நர்ஸம்மைக்க வண்டியை போலீஸ் நிறுத்தாது' என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு புத்தி!

போலீஸ் நிறுத்தியது. நம்மவர் சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்.

அதே நேரம் சர்ச் வாசலில் ஒருவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணன், மலையாளத்துக்காரர், ஆசாரி வேலை. ஒற்றசேகரமங்கலம் போகிற வழியில், ஐந்து மைல் தள்ளி வீடு. மனைவி பங்கஜத்துக்கு வலி கண்டுவிட்டது. அத்தனை தூரமும் ஓடியே வந்திருக்கிறார்.

"சிஸ்டரே, சைக்கிள் உண்டல்லோ, வேகம் போகாம்..."

வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் கொட்டிக் கிடந்த சாமான்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு துண்டில் அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா, தெரியாது. ஒன்றரை மணி நேரம்.

நான் போய்ச் சேரும்போது குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. நீலமாக இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினேன். தட்டினேன். வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தேன். ஆண் குழந்தை. நல்ல எடை.

அழவில்லை.

சைக்கிள் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா? சத்தியம் செய்து சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்று உங்களில் யாராவது சத்தியம் செய்வீர்களா?

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது, முன்சக்கரம் வளைந்து, வலை கிழிந்து. பில்லை நீட்டினேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நிங்ஙளுடே பேரல்லல்லோ."

வாங்கிப் பார்த்தேன். 'சாமுவேல் அவர்கள்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார் அந்தக் கடைக்காரர். என் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு!

"ஐயா, இது லேடீஸ் சைக்கிள். பின்னால சேலை வலை கட்டியிருக்கு. எனக்க தம்பி சேலையா உடுக்கிறான்?"

இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பில்லில் பெயர் யாருடையதோ அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் வண்டியைத் தருவோம் என்றார். அவர்களுக்கு வேண்டியது அவன். என் சைக்கிள் அவனைப் பிடிக்கத் தூண்டிலில் கோத்த புழு.

அவன் எங்கே என்று எங்கள் அம்மைக்குத் தெரியும். அரை நாள் கெஞ்சிய பிறகு சொன்னாள். பாலராமபுரத்தில் ஒரு நெசவுக்காரச் சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருந்தான். நான் போகும்போது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்க சைக்கிள் ஸ்டேஷன்ல கெடக்கு" என்றேன்.

"தெரியும் அக்கா. விடு. நாம ஜெயிச்சதும் புதுசே வாங்கித் தாறேன்."

"எனக்கு நாளைக்கு வேணும்."

"இது எவ்வளவு பெரிய போராட்டம்ணு உனக்கு தெரியாதா? ஒரு சைக்கிளுக்கு வேண்டி இங்க வரைக்கும்..."

"பங்கஜத்துக்க பிள்ளை செத்துப்போச்சுலே."

தறி நின்றது. சிநேகிதன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"எப்ப?" என்றான் தம்பி.

"நீ எனக்க பையில நோட்டீஸ் கொண்டு போனியே, அப்ப."

டம்ளரைத் தறிக்கட்டையில் வைத்தான். பிறகு கேட்டான்: "அவிய மலையாளத்துக்காரங்கதானே?"

அறைந்தேன். பிறந்ததிலிருந்து அவன்மேல் கை வைத்தவளில்லை நான். கேட்ட மறு வினாடியே அவன் முகம் செத்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை அதற்குள் போய்விட்டது. காப்பி டம்ளர் கவிழ்ந்து நூலில் கொட்டியது.

கவிழ்ந்த டம்ளரை அவனே நிமிர்த்தி வைத்தான். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினான்.

"வாறேன் அக்கா" என்றான்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போனோம். கையெழுத்துப் போட்டான். வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வளைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வரும்போது உள்ளே முதல் அடியின் சத்தம் கேட்டது.

அதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? திரும்பி ஓடினேன். கதவைத் தட்டினேன், கத்தினேன், இங்கிலீஷில் திட்டினேன், மலையாளத்தில் திட்டினேன். பெண் போலீஸ் இல்லாத ஸ்டேஷன், என்னைத் தொட்டு வெளியே தள்ள அவர்களுக்குத் தயக்கம். இருட்டும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் அடி விழவில்லை. ஆனால் விழுந்தது விழுந்ததுதான்.

பதினைந்து நாள் கழித்து ஜாமீனில் வந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக மடங்குகிறது. அம்மை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவன் பேசுகிறான். ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறிப்போவேன். அந்த வழியையும் அடைத்துவிட்டான், படுபாவி.

வந்த மூன்றாம் நாள், எனக்குத் தெரியாமல், ஒற்றசேகரமங்கலம் ரோட்டில் அந்த ஐந்து மைலும் நடந்து போய்க் கிருஷ்ணனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

இதெல்லாம் மஞ்சள் நோட்டீசில் இல்லை. சர்ச்சில் அவன் விரலுக்காக ஜெபித்தார்கள், சந்தோஷம். அந்தக் குழந்தைக்காக யாரும் ஜெபிக்கவில்லை. அடித்தவர்கள் பெயரைக் கேட்டு யாரும் மனு எழுதவில்லை. நான் எழுதினேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மொழி வேண்டும், மண் வேண்டும். வாங்குங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அதற்காக யாருடைய பையைக் கவிழ்க்கிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்க மாட்டீர்களா? பெண்பிள்ளையின் சாமான் என்றால் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாமா? போலீஸும் அதைத்தான் செய்தது. எடுத்தது இவர்கள், பிடித்தது அவர்கள். இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட, "இது உங்களுக்கு எதற்கு வேண்டும்?" என்று என்னிடம் கேட்கவில்லை.

தங்கையன் அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தார். நேற்று அந்தச் சைக்கிளில்தான் பங்கஜத்தைப் பார்க்கப் போனேன். உடம்பு தேறியிருக்கிறது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கும் நம் தமிழ் நன்றாக வரும். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பெல்லைத் தொட்டாள். ஹேண்டில்பாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"சிஸ்டரே, இத ஓட்டப் படிக்க எத்தன நாளு வேணும்?"

"உள்ள கோவம் உண்டுன்னா ரெண்டு நாளு போதும் மக்கா."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அப்ப எனக்கு ஒரு நாளு மதி."