மஞ்சள் குங்குமத் தட்டு

அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுநாள், தம்பி பித்தளைத் தட்டோடு வந்தான். மஞ்சள், குங்குமம், பட்டுப்புடவை. அதன் அடியில், வீட்டில் என் பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரம். மைசூரில் பெண்பிள்ளைகளின் கணக்கை இப்படித்தான் தீர்ப்பார்கள்.

மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. இதே கூடத்தில் நான் மறுபடி சிறுமியானேன்.

தாத்தா செத்தபோது அப்பா இதே தட்டைத்தான் அத்தையிடம் நீட்டினார். மங்கலப் பொருளை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாதே! அத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மஞ்சள் குங்குமம் எடுத்துக்கறேண்ணா. கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

அப்பா அறைந்தார். தட்டு விழுந்தால் அபசகுனம் என்று அத்தை அதை விடவில்லை. தடுக்கக் கை இல்லாமல் அடுத்த அடியையும் வாங்கினாள். அப்பா அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினார். மறுபடி மோதினார். குங்குமத்தின் மேல் ரத்தம் சொட்டியது. அம்மா என் கண்களைப் பொத்தினாள், காதுகளை மறந்துவிட்டாள்.

"பேஜாரு பண்ணாதக்கா, வாங்கிக்கோ."

தட்டை ஒரு கையில் ஏந்தியபடியே தம்பி மறு கையால் கதவைத் தாழிட்டான்.

நான் ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டேன். மறு கையில், அப்பா படத்தின் முன் நின்ற குத்துவிளக்கு.