கட்டைவிரல் பதில்

என் அக்காவுக்கு மனிதர்களைவிட அவர்களுடைய போன்களைப் பார்த்தால்தான் அதிகம் குமட்டும். நாங்கள் நடத்துவது ஒற்றை அறைக் கடை. நான் பிரிண்ட் எடுப்பேன், அக்கா வீடியோ எடிட் செய்வாள். யார் போனை நீட்டினாலும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்த பிறகே தொடுவாள். காது அழுக்கு, எண்ணெய் விரல், எச்சில் எல்லாம் அவள் கண்ணில்தான் படும். தெருவில் அவளுக்குப் பெயர் பஞ்சு அக்கா.

அன்று ஒருத்தன் தன் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவை வாங்க வந்தான். கூடவே அவன் அம்மா. பஸ்ஸிலிருந்து இறங்கியவரை வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியாம். நாலு நாளைக்கு இவ்வளவு பெரிய பையா என்று அவன் கேட்டதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார் அந்த அம்மா.

பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். வாடகை ரூமைக் காலி செய்துவிட்டாராம். இனி மகன் வீட்டில்தானாம். எழுத வராது, அதனால் மகனுக்குத் தினமும் பேசித்தான் செய்தி அனுப்புவாராம்.

"போன வெள்ளிக்கிழமை, 'அங்கேயே வந்து இருந்துடட்டுமாப்பா'ன்னு கேட்டேன் தம்பி. உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டான்."

இதற்கிடையில் வீடியோ லேப்டாப்பிலிருந்து அவன் போனுக்கு ஏறுவேனா என்றது. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருந்தன. புளூடூத்தும் போட்டிருந்தது. எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு முக்கால்வாசி ஓடும், பிறகு அறுந்துவிடும். அக்கா வைஃபையை அணைத்துப் போட்டாள், போனையே அணைத்து எழுப்பினாள். ம்ஹூம். கடைசியில் போனுக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்தால், ஊசி நுழைய இடமில்லை. எல்லாம் யாரோ வழுக்கி விழுகிற வீடியோ, எவளோ இடுப்பை ஆட்டுகிற வீடியோ. அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாக்குறது, விட்டுடுங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா அனுப்புனது வண்டி வண்டியா கிடக்கும். அதை மொத்தமா அழிச்சிடுங்க."

வெளியே அவன் வண்டி வழியை மறித்து நின்றது. யாரோ ஹாரன் அடிக்க, திட்டிக்கொண்டே அதை நகர்த்தப் போனான்.

அக்கா அந்த அம்மாவின் செய்திகளைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை எல்லாம் குரல் செய்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் புள்ளி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டைவிரல். அக்கா போனை மேசையில் போட்டுவிட்டுத் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் த்தூ என்று வந்தது. அழுக்குப் போனை எத்தனையோ பார்த்திருக்கிறோம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். புள்ளி எதற்கு என்று கேட்டார். அக்காவுக்கு மழுப்பத் தெரியாது.

"இன்னும் கேக்கலைன்னு அர்த்தம்மா."

வெள்ளிக்கிழமை அனுப்பியது எது என்றார். அக்கா தொட்டுக் காட்டினாள். அதிலும் புள்ளி இருந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வாசலில் மகனின் தலை தெரிகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவன் வர்றதுக்குள்ள எங்க ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா. ரூமை வேற யாருக்கும் விட்டுடலையேன்னு கேக்கணும்."